பதினாலாம் தடை

குதிரைப் போட்டி பார்க்க வெளிநாடு போகிறவர்கள் செய்கிற முதல் தவறு காலில்தான் ஆரம்பிக்கிறது என்று பயண அலுவலகத்து மேடம் சொன்னார். போகும் அவசரத்தில் புது ஷூ வாங்குவார்கள். ஏதோ மைதானம் என்று நினைத்துப் போனால் அது மேடும் பள்ளமும் மரமுமாக ஆறு கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கும். மத்தியானத்துக்குள் கால் கொப்புளித்து, குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உட்கார இடம் தேடுவார்கள். ஆகையால் ஒரு மாதமாவது போட்டுப் பழகிய ஷூதான் போட வேண்டும். எதிரே உட்கார்ந்திருந்த லாடக்காரர் மேசைக்கு அடியில் தன் காலைப் பார்த்துக்கொண்டார். அவருடையது பதினோரு வருஷம் பழகிய ஷூ.

லாடக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். பெயர் அடையாள அட்டையில் இருந்தது, அதோடு சரி. சவாரிப் பள்ளி ஒன்றுக்கும் பந்தயக் குதிரைக் கொட்டகைகள் இரண்டுக்கும் முப்பத்து மூன்று வருஷமாக லாடம் அடிக்கிறவர். குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுபோய்விட்டது. தெருவில் எதிரே வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார். தபால்காரர் குதிகாலை வெளிப்பக்கமாகத் தேய்த்து நடக்கிறவர் என்று அவருக்குத் தெரியும். மனிதர் மீசை வைத்திருக்கிறாரா என்று கேட்டால் யோசிப்பார். மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதெல்லாம் அவளுக்கு உடம்பு நன்றாக இருந்த காலத்தில்.

இப்போது அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். விமானம் ஏறுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் எவ்வளவு நாள் என்பதை அவர் சொல்லவில்லை. லாடக்காரரும் மனைவியும் கேட்கவில்லை. கேட்காததிலேயே பதில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சவாரிப் பள்ளியின் கோச் கையில் ஒரு தாளோடு வந்தார். வெளிநாட்டில் நடக்கப்போகிற மூன்று நாள் போட்டி ஒன்றில் ஏறப்போகிறவர்களின் பட்டியல். நாற்பத்தேழாம் எண்ணுக்கு எதிரே லாடக்காரரின் மகள் பெயர் இருந்தது. பக்கத்தில் படமும் இருந்தது, ஆனால் அது ஆணித் தலை அளவுக்குத்தான் இருந்தது. தலைக்கவசமும் தாடைப் பட்டையும் போக மிச்சம் ஒரு மூக்கு. மனைவி அந்தத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளிவைத்துப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். மூக்கு மூக்காகவேதான் இருந்தது.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். நிற்கத் தெரிந்த நாளிலிருந்து கொட்டகையில்தான் கிடந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு இருபது வயதாகும்போது, வீட்டை விட்டுப் போனாள். போன விதத்தைச் சொல்ல வேண்டும் என்றால் லாடம் அடிக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும்.

லாடம் அடிக்கிறவர்கள் ஆணிகளை உதட்டுக்கு நடுவில் கவ்வி வைத்துக்கொள்வார்கள். ஒரு கை குளம்பைப் பிடித்திருக்கும், ஒரு கையில் சுத்தியல் இருக்கும், மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. அப்புறம், ஆணி பாதி இறங்கியிருக்கும்போது காலை விடக் கூடாது. விட்டால் குதிரை காலை உதறும், குளம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை பிடித்திருக்கிறவன் தொடையைக் கிழித்துவிடும். லாடக்காரர் தொடையில் அப்படி இரண்டு கோடுகள் உண்டு. அன்று காலை அவர் மடியில் ஒரு குதிரையின் பின்னங்கால், வாயில் மூன்று ஆணி. மகள் வந்து எதிரே நின்றாள். அவளுடைய பூட்ஸ் தெரிந்தது. வெளிநாட்டில் ஒரு கொட்டகையில் வேலை கிடைத்திருக்கிறது, குதிரை ஏறவும் விடுவார்களாம், போகட்டுமா என்று கேட்டாள். அவர் ம்ம் என்று ஒரு சத்தம் கொடுத்தார். கொஞ்சம் பொறு என்று அதற்கு அர்த்தம்.

"அப்பா, ஒரு தடவை நிமிந்து என்னைப் பாருப்பா" என்றாள்.

அவர் முதல் ஆணியை அடித்தார். இரண்டாவதை அடித்தார். மூன்றாவதை அடித்து, முனைகளை முறித்து, மடக்கி, அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து, காலைப் பதமாகக் கீழே விட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிரே யாரும் இல்லை. அந்த வாரம் முழுக்க என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தார். போ என்பாரா, போகாதே என்பாரா என்று அவருக்கே நிச்சயமில்லை. வெள்ளிக்கிழமை அவள் போய்விட்டாள்.

முதல் இரண்டு வருஷம் அம்மாவோடு அவ்வப்போது போனில் பேசினாள். பாவம், அந்தத் தாய் ஒருநாள் பாலம் போடப் பார்த்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசு என்று போனை அவர் காதில் வைத்து அழுத்தினாள். நெஞ்சு முட்ட எவ்வளவோ இருந்தது மனிதருக்கு. ஆனால் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "அங்க குதிரைக்கெல்லாம் லாடம் யாரு அடிக்கிறாங்க?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அதற்கப்புறம் அந்த எண்ணுக்கு எத்தனை தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஆகவே இது அவர் ஊர் சுற்றப் போகிற பயணம் அல்ல. மனைவி கேட்டது ஒன்றுதான். போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். இளைத்திருக்கிறாளா, கறுத்திருக்கிறாளா, சிரித்த மாதிரி இருக்கிறாளா. தன் உடம்பைப் பற்றி மட்டும் அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நோயைக் காட்டிக் கூப்பிட்டு வருகிற பிள்ளை தனக்கு வேண்டாம் என்றாள். மனைவியின் தங்கைக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள்தான் லீவு கிடைத்தது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மனைவியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைக்க அவர் வந்து நிற்க வேண்டும்.

மேடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பென்சிலைக் கடித்தார். வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை அந்தப் போட்டிக்குப் போய்வந்தவர். குதிரைக்கு எத்தனை பல் என்று தெரியாது, ஆனால் எந்த வாசலில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும் என்பது அத்துப்படி. வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு முன் போய்ச் சேர முடியாது, ஞாயிறு காலை திரும்பி விமானம் ஏற வேண்டும். அப்படியென்றால் கையில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான் என்று கணக்குப் போட்டார். அன்றைக்குத் திறந்தவெளி ஓட்டம். இருபத்திரண்டு தடை. ஒரு குதிரை ஒரு தடையை ஒரு தடவைதான் தாண்டும், திரும்பி வராது. டிவியில் காட்டுவார்களா என்று லாடக்காரர் கேட்டார். முதல் பத்துப் பேரைக் காட்டுவார்கள், நாற்பத்தேழாம் எண்ணை யார் காட்டப்போகிறார்கள் என்றார் மேடம், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாமல்.

பிறகு வரைபடத்தை விரித்தார். எல்லோரும் தண்ணீர்த் தடைக்குத்தான் ஓடுவார்கள், யாராவது விழுவார்களா என்று பார்க்க. அங்கே ஐந்து வரிசை ஆள் நிற்கும், முன்னால் நிற்கிறவனின் தொப்பியைத்தான் பார்க்க முடியும். முகம் பார்க்க வேண்டும் என்றால் பதினாலாம் தடை. பள்ளத்தில் ஒரு மரக்கட்டை, மேட்டில் ஒன்று. அதற்குள் இறங்கப் பயந்து குதிரையை நிதானப்படுத்துவார்கள். ஏறி வரும்போது, பார்க்கிறவர்கள் நிற்கக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு நேர் எதிரே வருவார்கள். அங்கே கூட்டமும் வராது.

"நாலு செகண்ட் கிடைக்கும் சார். போனை எடுக்காதீங்க. எடுத்தா படமும் வராது, ஆளையும் பாத்திருக்க மாட்டீங்க. சும்மா கண்ணால பாருங்க" என்றார்.

மேடம் எழுதிக் கொடுத்த தாளில் இருந்ததில் ஒன்றுகூடச் சோடை இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். கயிற்றுப் பக்கத்தில் குடையை விரிக்காதீர்கள், குதிரை மிரளும், மழைக்கோட்டு கொண்டுபோங்கள். காலையில் தண்ணீர் அளவாகக் குடியுங்கள், கழிப்பறைக்குப் போனால் பிடித்த இடம் போய்விடும். கொட்டகைக்குள் பாஸ் இல்லாமல் விட மாட்டார்கள். ஆனால் வாசல் கவுண்டரில் ஒவ்வொரு வீரருக்கும் எண் போட்ட சின்னப் பெட்டி உண்டு, சீட்டு எழுதிக் கொடுத்தால் அதில் போடுவார்கள். ஓடுகிறவருக்கு யோசனை சொல்லிக் கத்தாதீர்கள், வெளியாள் உதவி என்று அவரைப் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள். இதற்கு அடியில் இரண்டு கோடு. நகருக்குத் திரும்பும் கடைசிப் பஸ் ஐந்து மணிக்கு. லாடக்காரர் நாலு பக்கத்தையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார்.

கிளம்புகிற அன்று மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். கை வீங்கியிருந்ததால் அதற்கே நேரம் பிடித்தது.

"என்னங்க, முகத்தை மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீங்க."

"வேற எதைப் பாக்கப்போறேன்?" என்றார் அவர், கொஞ்சம் கோபமாகவே.

போய் இறங்கிய விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கடந்த இரண்டு வாரத்தில் கால்நடை, குதிரை இருக்கும் இடங்களுக்குப் போனீர்களா என்று கேட்டிருந்தது. உண்மையை எழுதுங்கள் என்று மேடம் தாளில் போட்டிருந்தார், அவரும் எழுதினார். உண்மைக்குக் கிடைத்த மரியாதை, தனி அறையில் இரண்டு மணி நேரம். ரப்பர் கையுறை போட்ட ஒருவர் அவருடைய ஷூவைக் கழற்றச் சொல்லி, அடியில் இருந்த கோடுகளுக்குள் குச்சியால் நோண்டி, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார். பதினோரு வருஷத்துக் கொட்டகை அந்தத் தொட்டியில் கரைந்து பழுப்பாக மிதந்தது. ஈர ஷூவை மாட்டிக்கொண்டு அவர் அந்நிய தேசத்துக்குள் சளக் சளக் என்று நடந்தார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே வாசல் கவுண்டரில் நின்றார். சீட்டை விமானத்திலேயே எழுதிவைத்திருந்தார். முதலில் ஒரு பக்கம் எழுதினார், பிறகு பாதியைக் கிழித்தார், கடைசியில் மிஞ்சியது ஒரு வரி. பதினாலாம் தடை பக்கத்தில் நிற்பேன், அப்பா. கவுண்டர்ப் பெண் அதை வாங்கி நாற்பத்தேழாம் பெட்டிக்குள் செருகினாள். பெட்டிகளுக்குக் கதவு கிடையாது. தாளின் வெள்ளை ஓரம் வெளியே தெரிந்தது. அவர் பத்தடி நடந்து, திரும்பிப் பார்த்து, மறுபடியும் நடந்தார்.

பதினாலாம் தடையில் மேடம் சொன்னபடியே கூட்டம் இல்லை. மடக்கு நாற்காலியில் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள் மட்டும், மடியில் பிளாஸ்க்கோடு. அவருக்குப் பக்கத்தில், கயிற்றை ஒட்டி, லாடக்காரர் இடம் பிடித்தார். தடைக்கு முன்னால் ஒரு சரளைக்கல் பாதை குறுக்கே போனது. அதைக் கடந்து, பள்ளத்தில் இறங்கி, ஒரு கட்டையைத் தாண்டி, மேடேறி, மேலே இன்னொரு கட்டையைத் தாண்டி, நேராக அவர் முகத்துக்கு எதிரே வந்து, இடப்பக்கம் திரும்பிப் போக வேண்டும். நாலு செகண்ட் என்று சொன்னது சரிதான். மனதுக்குள் எண்ணிப் பார்த்தார், சில குதிரைகளுக்கு ஐந்து.

பத்தரைக்கு முதல் குதிரை வந்தது. காவலர் விசில் ஊதினார், சரளையில் நாலு குளம்பும் தடதடத்தன, பெரிய பழுப்புக் குதிரை ஒன்று பள்ளத்தில் விழுந்து மேட்டில் முளைத்தது. பின்னங்காலில் லாடம் ஒரு நூல் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். ஏறியிருந்தவன் ஆணா பெண்ணா என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க முடியாது. பரவாயில்லை, இது பழக்கத்துக்கு என்று சொல்லிக்கொண்டார். இரண்டாவதில் முகத்தைப் பார்க்க முயன்றார். மூன்றாவதில் மறந்துபோனார். நாலு நிமிஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டு மணிக்குமேல் ஒருவழியாகக் கண்ணைப் பழக்கிவிட்டார். விசில் கேட்டதும் தாடையைத் தூக்கிக்கொள்வார், ஒரு தாடைப் பட்டை, இரண்டு கண், கடித்த உதடு, எல்லாம் தெரிந்தன. முப்பத்தெட்டாம் எண்ணுக்கு மூக்கில் ஒரு பிளாஸ்திரி இருந்ததைக்கூடப் பார்த்தார். கம்பளித் தொப்பி அம்மாள் பிளாஸ்க் மூடியில் சூடாக ஏதோ ஊற்றி நீட்டினார். தாளை நினைத்து அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். மகள் வரப்போகிறாள் என்பதைச் சொல்லத் தெரியாமல், தன் நெஞ்சைத் தொட்டு, போட்டிப் பட்டியலில் நாற்பத்தேழைத் தொட்டு, கையால் இடுப்பளவு உயரம் காட்டினார். அந்த அம்மாளுக்குப் புரிந்தது. எழுந்து, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, அவர் நன்றாகப் பார்க்க வழிவிட்டார்.

நாற்பத்தாறு போனது. ஒலிபெருக்கியில் அவள் பெயரைக் கோணல்மாணலாகச் சொன்னார்கள். கோணலாக இருந்தால் என்ன, அவரும் மனைவியும் சேர்ந்து வைத்த பெயர். ஷூ அப்போதும் ஈரமாக இருந்தது. விசில் கேட்டது. அவர் தாடையைத் தூக்கி, கண்ணைக் கொட்டாமல் மேட்டு விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம், முகம், முகம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

சரளைக்கல் பாதையில் குதிரை ஏறிய சத்தம் கேட்டது. மூன்று குளம்பு சரியாக விழுந்தது. நாலாவதில் ஒரு கிணுக்.

வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. ஆடும் லாடத்தின் சத்தம் அது. முப்பத்து மூன்று வருஷம் அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கிறார், சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடியிருக்கிறார். கண் அவரைக் கேட்கவில்லை. தானாகக் கீழே போயிற்று. செவலைக் குதிரை மேட்டில் ஏறி வந்தபோது அவர் பார்த்தது வலது முன்னங்கால். உட்பக்கம் இரண்டு ஆணி விட்டுப்போய், லாடத்தின் பின்முனை குளம்பை விட்டு விரல் அகலம் விலகியிருந்தது. கட்டையைத் தாண்டி இறங்கியபோது அது இன்னும் முறுக்கிக்கொண்டது. அடுத்த தாவலில் மிச்சமிருக்கிற ஆணி பாதத்துக்குள் ஏறும். நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தார். அடியில் இரண்டு கோடு போட்ட வரி நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

தலையைத் தூக்கியபோது ஒரு முதுகு போய்க்கொண்டிருந்தது. அதில் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தது. தலைக்கவசத்துக்குக் கீழே முடியை வலைக்குள் சுருட்டிக் கட்டியிருந்தாள். கழுத்து தெரிந்ததா என்றுகூட அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மரங்களுக்குப் பின்னால் எல்லாம் மறைந்தது.

கம்பளித் தொப்பி அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக அவர் தோளைத் தட்டினார். இரண்டு விரலைத் தன் கண்ணுக்கு நேராக வைத்து, பிறகு அந்த விரல்களை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். அவருக்கு விளங்கவில்லை. அம்மாள் மறுபடியும் செய்தார்: குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பி, அவரையே பார்த்து, வாய் திறந்து ஏதோ சொன்ன மாதிரி. அந்தப் பெண் உன்னைப் பார்த்தாள் என்று சொல்கிறார். அவள் பார்த்தபோது அவளுக்குத் தெரிந்தது என்ன என்று லாடக்காரருக்குத் தெரியும். அவருடைய உச்சந்தலை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கொட்டகையில் தெரிந்த அதே உச்சந்தலை, இப்போது கொஞ்சம் கூடுதல் நரையோடு.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி நாற்பத்தேழைப் பற்றி ஏதோ சொன்னது. கேட்டதும் அம்மாளின் சிரிப்பு போய்விட்டது. அடிபட்ட குதிரையை ஏற்றிப்போகிற ஆம்புலன்ஸ் ஒன்று விளக்குப் போட்டுக்கொண்டு மரங்களுக்கு அந்தப் பக்கம் ஊர்ந்து போனது. லாடக்காரர் கயிற்றை ஒட்டியே அரக்கப் பரக்க ஓடினார். பதினாறாம் தடையில் காவலர்கள் கையை விரித்து மறித்தார்கள். உயரமான துணித் திரை பிடித்திருந்தார்கள். திரைக்கு அடியில் நாலு குளம்பும் ஒரு ஜோடி பூட்ஸும் தெரிந்தன. என் மகள் என்று அவர் தன் மொழியில் சொன்னார். காவலர் தம் மொழியில் ஏதோ மரியாதையாகச் சொல்லி, கையை விரித்தபடியே நின்றார். பூட்ஸ் வண்டிக்குள் ஏறியது, கதவு சாத்திக்கொண்டது.

கவுண்டருக்கு வந்தபோது மணி மூன்று. அவருக்குத் தெரிந்த அரைகுறை அந்நிய மொழியில் கேட்டார். அந்தப் பெண் பொறுமையாக, கையும் படமுமாகச் சொன்னாள். லாடம் திரும்பி ஆணி பாதத்தில் ஏறிவிட்டது. குதிரையை மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள், எண்பது கிலோமீட்டர் தூரம், நாற்பத்தேழும் கூடவே போய்விட்டாள். நல்ல வீராங்கனை, யாரும் சொல்லாமல் தானே நிறுத்திவிட்டாள். இறங்கினதும் முதலில் காலைத் தூக்கித்தான் பார்த்தாளாம். இதைப் பாராட்டாகச் சொன்னாள். லாடக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்தார். நாற்பத்தேழு காலியாக இருந்தது. எப்போது எடுத்தாள் என்று கேட்டார். காலையிலேயே என்றாள் அந்தப் பெண். தனக்குப் பதில் சீட்டு ஏதாவது வைத்திருக்கிறாளா என்று கேட்டார். அவள் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்து, இல்லை என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்குமா என்று வாசலில் நின்று பார்த்தார். போனால் கடைசிப் பஸ் போய்விடும், பஸ் போனால் விமானம் போய்விடும், விமானம் போனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மனைவியைப் படியிறக்கிக் கூட்டிப்போக யாரும் இல்லை. ஒரு டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்திருக்கிறார். இன்னொரு சீட்டு எழுதலாமா என்று பேனாவை எடுத்தார். என்ன எழுதுவது? லாடம் ஆடியதைப் பார்த்தேன் என்றா? ஐந்து மணிப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நகரம் வரும்வரை தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை. டயாலிசிஸ் கூடத்தில் எட்டுக் கட்டில்கள், எட்டு இயந்திரங்கள். மனைவிக்குச் சுவர் ஓரத்துக் கட்டில். ஞாயிறு இரவு அவர் வந்து சேர்ந்தபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை இருக்கும்போது கேட்க வேண்டாம் என்று அடக்கிவைத்திருந்தாள். நர்ஸ் ஊசியைக் குத்தி, குழாயைப் பொருத்தி, இயந்திரத்தைத் தட்டிவிட்டுப் போனதும் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நேற்று இரவு தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள், விருந்தாளி வரப்போகிற வீட்டுக்காரிபோல.

"இப்ப சொல்லுங்க. எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா" என்றார்.

இளைத்திருக்கிறாளா என்று கேட்டாள். இல்லை, அப்படியேதான் இருக்கிறாள் என்றார். கறுத்துவிட்டாளா என்றாள். வெயில்தானே, கொஞ்சம், என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் கண்ணை மூடி, அதை எங்கோ உள்ளே எடுத்துவைப்பதுபோல் சற்று நிறுத்தி, அடுத்ததைக் கேட்டாள். சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது. பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று லாடக்காரர் நினைக்கவில்லை. இப்படியே நாலு மணி நேரமும் ஓட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"சின்ன வயசுல தொட்டித் தண்ணிக்குழாய்ல இடிச்சுக்கிட்டாளே, நெத்தித் தழும்பு, அது இன்னும் தெரியுதா?"

"தெரியுது. லேசா தெரியுது."

அவள் கண்ணைத் திறந்தாள். கோபமாக ஒன்றும் பார்க்கவில்லை. கோபப்பட அந்த உடம்பில் தெம்பு இல்லை.

"தலைக்கவசம் போட்டிருந்தா நெத்தி எப்படிங்க தெரியும்?"

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அவர் தரையைப் பார்த்தார். நர்ஸின் வெள்ளைச் செருப்பு ஒன்று அந்தப் பக்கம் போனது.

"அவளாவது உங்களைப் பாத்தாளா?"

"பாத்தாளாம். பக்கத்துல நின்ன அம்மா சொன்னாங்க."

இயந்திரத்துக்குள் அவளுடைய ரத்தம் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் கூடவே வாழ்ந்தவள், அவரிடம் என்ன கேட்டால் உண்மை வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"எந்தக் காலு?" என்றாள்.

"வலது முன்னங்கால்."

எப்படி என்று கேட்டாள். அவர் சொன்னார். உட்பக்கம் இரண்டு ஆணி விட்டுப்போனதை, பின்முனை விரல் அகலம் விலகியிருந்ததை, கட்டையைத் தாண்டியபோது முறுக்கிக்கொண்டதை, ஆணி எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் ஏறியிருக்கும் என்பதை, ஒன்று விடாமல் சொன்னார். குதிரை பிழைத்துக்கொள்ளும், இரண்டு மாதத்தில் நடக்கும் என்றார். சொல்லச் சொல்ல அவள், குழாய் எவ்வளவு தூரம் விடுமோ அவ்வளவு தூரம், மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.